சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். சோமனூர்ப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டிய உங்கள் அப்பா, 68 வயதில், "சத்தமெல்லாம் கேக்குது, என்ன பேசறீங்கன்னுதான் வெளங்கல" என்கிறார். அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா என்பது ஒன்று. பறவைகளுக்குக் கெட்டுப்போன காது திரும்ப வளருமாமே, மனிதனுக்கு ஏன் இல்லை என்பது இரண்டாவது. புதிதாக வாங்கிய வெள்ளை ராஜபாளையம் நாய்க்குட்டி, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் உள்காதுக்குள்தான் இருக்கிறது. செவித்திறன் சோதிப்பது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மிஷின் விஷயத்தில் அவசரப்பட்டுப் பணத்தைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் அப்பா. தறிக் குடோன், நூற்பாலை, கல் குவாரி, லேத் பட்டறை என்று சத்தத்துக்குள் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் இவர் சொன்ன அதே சொற்களில்தான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் நம்புவதில்லை. "வேண்டாததெல்லாம் காதுல விழுது, நாம சொல்றது மட்டும் விழாதா?" என்று கோபம் வரும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கதவு சாத்துவது, பஸ் போவது, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவது எல்லாம் தாழ்ந்த சுருதி. அவை அவருக்கு நன்றாகவே கேட்கும். பேச்சில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் உயர்ந்த சுருதியில் இருக்கின்றன. அவருக்குப் போயிருப்பது அந்தப் பகுதி.

கடை, தடை, படை, சடை. இந்த நான்கையும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பின்பாதி நான்குக்கும் ஒன்றுதான். முதல் எழுத்தின் மெய்யொலி மட்டும் மாறுகிறது, அது ஒரு நொடியில் சிறு பங்குதான் நீடிக்கும். சுருதியை ஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்று அளக்கிறோம். உயிரொலிகளின் வலு பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. க, த, ச, ஸ, ஷ போன்றவற்றை அடையாளம் காட்டும் பகுதி 2,000-க்கு மேலே, சிலவற்றுக்கு 4,000-க்கும் மேலே போகிறது. அந்த மேல்பகுதி கேட்காதவருக்கு நான்கு சொல்லும் ஒரே சொல்லாகத்தான் வந்து சேரும். எது என்பதை முன்னே பின்னே வரும் பேச்சையும் நம் உதட்டசைவையும் வைத்து ஊகித்துக்கொள்வார். அமைதியான அறையில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். கல்யாண மண்டபத்தில், டிவி ஓடும் கூடத்தில், போனில், மெல்லிய குரலில் பேசும் பேரக் குழந்தையிடம் அது தோற்றுப்போகும். தவறாக ஊகித்து ஏதாவது சொல்லி எல்லோரும் சிரித்துவிட்டால், அடுத்த முறை பேசாமலே இருந்துவிடுவார். காது மந்தமானவர்கள் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போவது இப்படித்தான்.

சரி, உயர்ந்த சுருதி மட்டும் ஏன் போக வேண்டும்? காதுத் துளை வழியே போகும் ஒலி செவிப்பறையை அசைக்கிறது. அதற்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அந்த அசைவை உள்ளே கடத்துகின்றன. அங்கவடி 3 மில்லிமீட்டர் அளவுதான்; உடம்பிலேயே ஆகச் சிறிய எலும்பு. அது முட்டுவது காக்ளியா என்ற சுருளின் வாசலில். இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுருண்டிருக்கும் அதை விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் வரும். உள்ளே திரவம், திரவத்துக்கு நடுவே ஒரு சவ்வு, சவ்வின் மேல் வரிசை வரிசையாக உரோம செல்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் நுண்ணிய இழைகள் கொத்தாக நிற்கும். அவை சாயும்போது மின் சைகை பிறந்து நரம்புக்குப் போகிறது. ஒரு காதுக்கு இந்தச் செல்கள் மொத்தமே 15,000 சொச்சம்: உள்வரிசையில் 3,500 அளவு, வெளிவரிசைகளில் 12,000 அளவு. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கு மேல் இருக்கின்றன என்பதோடு வைத்துப் பாருங்கள், காதின் கையிருப்பு எவ்வளவு சொற்பம் என்று தெரியும். எல்லாமே நாம் கருவில் இருக்கும்போது உண்டானவை. பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் சேர்வதில்லை.

இந்தச் செல்கள் ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி சுருதி வரிசைப்படி அமைந்திருக்கின்றன. வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவை உயர்ந்த சுருதிக்கு, உள்ளே நுனியில் இருப்பவை தாழ்ந்த சுருதிக்கு. இறந்தவர்களின் காதுகளை நுண்ணோக்கியில் வைத்து, ஒலி அந்தச் சவ்வின் மேல் அலையாக ஓடுவதைக் கண்டறிந்தவர் ஹங்கேரியரான ஜார்ஜ் வான் பெகெசி. 1961-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். எந்த ஒலியானாலும் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வாசல் பக்கத்துச் செல்கள் இயல்பிலேயே சீக்கிரம் பழுதாகக்கூடியவையும்கூட. அதனால் வயதானாலும், சத்தத்தில் உழைத்தாலும், சில மருந்துகளாலும் முதலில் போவது உயர் சுருதி. சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாகத் தொடங்கும். நம் காதுத் துளையின் நீளம் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பெருக்கி உள்ளே அனுப்புவதும் அதற்கு ஒரு காரணம். செவிச் சோதனை முடிவை வரைந்து காட்டும் அப்பாவின் ஆடியோகிராம் தாளில் இந்தப் பள்ளத்தை நீங்களே பார்க்கலாம்; முப்பது வருடத் தறி அங்கே அப்படியே பதிவாகியிருக்கும்.

வெளிவரிசைச் செல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டைக்குக் காரணம் அவைதான். அவை வெறுமனே கேட்பதில்லை. மெல்லிய ஒலி வந்தால் தாங்களே நீண்டு சுருங்கிச் சவ்வை ஆட்டி, அந்த ஒலியைப் பெருக்கி உள்வரிசைக்குக் கொடுக்கின்றன. இந்த ஆட்டத்தின் எதிரொலி காதுக்கு வெளியேயும் வரும். நம் காது தானே ஒலி எழுப்புகிறது என்று லண்டனில் டேவிட் கெம்ப் 1978-ல் காட்டியபோது முதலில் பலர் நம்பவில்லை. இன்றைக்குப் பிறந்த குழந்தையின் காதில் சின்னக் குமிழ் வைத்துச் சில நிமிடங்களில் சோதிக்கிறார்களே, அது இந்த ஒலியைத்தான் தேடுகிறது. வெளிவரிசைச் செல்கள் அழிந்துவிட்டால் மெல்லிய ஒலிக்குக் கிடைத்துவந்த உதவி போய்விடும். பலத்த ஒலிக்கு அந்த உதவி முன்பும் தேவைப்பட்டதில்லை, அதனால் அது பழையபடி பலமாகவே கேட்கும். கேட்காத எல்லைக்கும் காது வலிக்கும் எல்லைக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார், சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்தறே?" என்பார். இரண்டுமே உண்மை. கத்தும்போது நாம் பலப்படுத்துவது உயிரொலிகளைத்தான். அவருக்கு ஏற்கனவே கேட்கும் பகுதி அது. முகமும் கோபமாகிவிடுகிறது. அவர் முன்னால் போய், முகம் தெரியும்படி நின்று, வழக்கமான குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். பேசுவதற்கு முன் டிவியை நிறுத்துங்கள். மிஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது தேவை.

இன்னொரு சேதமும் உண்டு. 2009-ல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் சத்தத்தில் வைத்தார்கள். சில நாளில் அவற்றின் கேட்கும் அளவு பழையபடி வந்துவிட்டது, உரோம செல்களும் சாகவில்லை. ஆனால் அந்தச் செல்களுக்கும் நரம்புக்கும் இடையே இருந்த இணைப்புகளில் உயர் சுருதிப் பகுதியில் பாதியளவு நிரந்தரமாகப் போயிருந்தன. வழக்கமான சோதனையில் இது தெரியாது. அமைதியில் 'பீப்' ஒலி கேட்கிறதா என்றால் கேட்கும். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுக்கத்தான் இணைப்புகள் போதாது. மனிதர்களிடம் இது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. தறி ஓட்டிய ஒருவர் சோதனையில் 'பரவாயில்லை' என்று வந்த பிறகும் கூட்டத்தில் பேச்சு விளங்கவில்லை என்று சொன்னால், நான் அவர் பேச்சைத்தான் நம்புவேன்.

நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் குடோனுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டி 100 வரை போவது சாதாரணம். டெசிபல் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும்: 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதை எல்லையாக வைத்தால், 88-ல் நான்கு மணி நேரம், 94-ல் ஒரு மணி நேரம், 100-ல் கால் மணி நேரம்தான். நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 வரை அனுமதிக்கின்றன. என் கருத்தில் அது தளர்வான எல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டியவருக்கு அந்த எல்லையும் கிடையாது. சத்தம் காதைக் கெடுக்கும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886-லேயே, கொதிகலன் செய்யும் ஆலைத் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்து, தபால்காரர்களோடு ஒப்பிட்டு எழுதிவைத்தார். சத்தம் இல்லாத இடத்தில் காது எப்படி இருக்கும் என்று பார்க்க சூடானில் மபான் என்ற மக்களைத் தேடிப் போனவர் சாமுவேல் ரோசன் என்ற நியூயார்க் மருத்துவர். இயந்திரச் சத்தமே இல்லாத ஊரில் முதியவர்களின் காது அமெரிக்க முதியவர்களைவிட எவ்வளவோ கூர்மையாக இருந்தது என்று 1962-ல் எழுதினார். உணவு, ரத்த அழுத்தம் எல்லாமே அங்கே வேறு என்பதால் முழுப் பெருமையையும் அமைதிக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் 'வயசானா காது போகத்தான் செய்யும்' என்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பங்கு வயதுக்கு உரியதல்ல.

இனி மிஷின். வாங்கலாம், வாங்க வேண்டும், ஆனால் கடையில் போய்க் கேட்டு வாங்கக் கூடாது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதைப் பார்க்கட்டும். அழுக்கு அடைத்திருக்கலாம். செவிப்பறையில் ஓட்டை, சீழ், அங்கவடி எலும்பு இறுகிப்போவது போன்றவை இருந்தால் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்ய முடியும். அவற்றுக்கு மிஷின் முதல் வழி அல்ல. அதற்குப் பிறகு ஒலிபுகா அறையில் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) செய்யும் சோதனை. காதுத் துளை வழியாகவும், காதுக்குப் பின்னால் எலும்பின் வழியாகவும் தனித்தனியே சோதிப்பார்கள். இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் பழுது உள்காதில். எலும்பு வழியில் நன்றாகக் கேட்டு துளை வழியில் மட்டும் குறைந்தால் பழுது அதற்கு முன்னால். சொற்களைச் சொல்லி எத்தனை சரியாகத் திரும்பச் சொல்கிறார் என்ற பேச்சுச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். மிஷினால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை அதுதான் ஓரளவு முன்கூட்டியே சொல்லும்.

நல்ல காதொலிக் கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவில் கூட்டாது. அப்பாவுக்கு எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவோ அங்கே மட்டும் கூட்டும், அதிலும் மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் கூட்டும். அதற்கு அவருடைய ஆடியோகிராமை வைத்து கணினியில் அமைக்க வேண்டும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வரும் ஒலிபெருக்கிகள் இதைச் செய்வதில்லை. மின்விசிறிச் சத்தத்தையும் தட்டுச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும். இரண்டு நாள் போட்டுவிட்டு "தலை வலிக்குது" என்று மேஜை டிராயரில் போட்டுவிடுவார், அதோடு மிஷின் என்றாலே வெறுப்பும் வந்துவிடும். இரண்டு காதும் ஒரே அளவில் மந்தமாக இருந்தால் இரண்டுக்கும் போடுவது நல்லது. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும், கூட்டத்தில் யார் பேசுகிறார் என்பதையும் மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் அறிகிறது. விலை சில ஆயிரத்திலிருந்து லட்சக் கணக்கு வரை போகும். விலை கூடிய கருவியை விட, பொறுமையாக அமைத்துத் தந்து, திரும்பத் திரும்ப வரச்சொல்லிச் சரிசெய்யும் ஆடியாலஜிஸ்ட் முக்கியம்.

போட்ட முதல் நாளே பழைய காது திரும்பிவிடாது. கண்ணாடியை மாட்டினால் உடனே எழுத்து தெரிகிற மாதிரி இங்கே எதிர்பார்க்கக் கூடாது. உரோம செல்லே இல்லாத சுருதிக்கு மிஷின் எவ்வளவு கூட்டினாலும் தெளிவு வராது. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் அது வேலை செய்யும். மூளையும் பல வருடமாக மறந்துபோன ஒலிகளைத் திரும்பப் பழக வேண்டும். முதல் சில வாரம் தன் குரலே பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும், பேப்பர் மடிக்கும் சத்தம்கூட உறுத்தும். முதலில் வீட்டுக்குள், ஒருவரோடு ஒருவராகப் பேசும்போது சில மணி நேரம் போடட்டும், பிறகு கூட்டலாம். மண்டபத்திலும் சந்தையிலும் தொடங்கினால் நிச்சயம் கழற்றிவிடுவார். இதனால்தான் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். கேட்காமலே பத்து வருடம் இருந்த பிறகு பழகுவதைவிட, இப்போது பழகுவது சுலபம்.

தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறதி நோய்க்கு இட்டுச்செல்லும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் காது மந்தத்தை முன்வரிசையில் வைத்தது லான்செட் மருத்துவ இதழின் 2020 ஆய்வுக் குழு. 2023-ல் வெளியான ஒரு அமெரிக்கச் சோதனையில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரில் ஒரு பாதிக்குக் காதொலிக் கருவியும் பயிற்சியும் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற ஆபத்துகள் அதிகம் இருந்த பிரிவினரில், கருவி போட்டவர்களின் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. மிஷின் போட்டால் மறதி வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்; பேச்சும் பழக்கமும் குறையாமல் இருப்பது மூளைக்கு நல்லது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசு உதவி பற்றி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சோதனை இலவசம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் காதொலிக் கருவி இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைவு இருந்தால்தான் 'காது கேட்பதில் குறைபாடு' என்ற வரையறைக்குள் வருவார். சத்தத்தால் கெட்ட காதில் தாழ்ந்த சுருதி நன்றாக இருப்பதால் சராசரி எடுக்கும்போது அந்த அளவைத் தொடாமல் போக வாய்ப்புண்டு. பேச்சு விளங்காமல் தவிப்பவருக்குச் சான்றிதழ் மறுக்கப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சத்தத்தால் வரும் செவிக் குறைவு இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டுக்கான தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சின்னக் குடோன்களில் வேலை பார்த்த பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே கிடையாது என்பது தனி வேதனை. அப்பாவுக்கு இருந்ததா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

நடுவே ஒரு எச்சரிக்கை. திடீரென்று, ஒரே நாளில் ஒரு காது அடைத்துப்போனால் அது சளி என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் காத்திருக்காதீர்கள். உள்காது நரம்பு திடீரெனச் செயலிழந்திருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாளில் தொடங்கினால்தான் பலன், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் மந்தமும் இரைச்சலும் சேர்ந்து வந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோழி இறகு, ஊக்கு, பட்ஸ் எதையும் காதுக்குள் விட வேண்டாம்.

இப்போது பறவைகள். நீங்கள் படித்தது உண்மை. கோழிக் குஞ்சுகளைப் பலத்த சத்தத்தில் வைத்தால் நம்மைப் போலவே உரோம செல்கள் செத்து உதிர்கின்றன. ஆனால் சில நாளில் அந்த இடத்தில் புதிய செல்கள் முளைக்கின்றன. சில வாரங்களில் கேட்பதும் பெருமளவு திரும்பிவிடுகிறது. 1987, 1988-ல் அமெரிக்காவில் கோழியிலும் ஜப்பானியக் காடையிலும் இதைத் தனித்தனிக் குழுக்கள் கண்டுபிடித்தன. அதுவரை வெப்ப ரத்தப் பிராணிகளுக்குப் போன செல் போனதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உரோம செல்களைச் சுற்றித் தாங்கு செல்கள் என்று உண்டு. பக்கத்துச் செல் சாகும்போது இவற்றில் சில இரண்டாகப் பிரிகின்றன. சில பிரியாமலே நேராக உரோம செல்லாக மாறுகின்றன. மீன்களிலும் இது நடக்கிறது. ஜெர்மனியில் கூகைகளைப் பழக்கிச் சோதித்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது: இளம் கூகைக்கும் கிழட்டுக் கூகைக்கும் கேட்கும் திறனில் வித்தியாசமே இல்லை. இருட்டில் எலியின் அரவத்தை வைத்தே அதைப் பிடிக்கும் பறவைக்கு, கடைசிவரை காது அப்படியே இருக்கிறது.

நமக்கும் அதே தாங்கு செல்கள் இருக்கின்றன. பிறந்த சில நாள் வரை எலிக்குட்டியிடம் அந்தத் திறன் கொஞ்சம் இருப்பதாகவும், காது முழுதாக வேலை செய்யத் தொடங்கும்போது அது மூடப்பட்டுவிடுவதாகவும் தெரிகிறது. உரோம செல்லை உருவாக்க அடோ1 என்ற மரபணு வேண்டும் என்று 1999-ல் தெரிந்தது. அது நம்மிடமும் உண்டு, வேலை முடிந்ததும் அணைக்கப்பட்டுவிடுகிறது. ஏன் அணைக்க வேண்டும்? பாலூட்டிகளின் காக்ளியா மிக உயர்ந்த சுருதி வரை கேட்பதற்காக அளவெடுத்துக் கட்டப்பட்ட அமைப்பு, அங்கே செல்கள் இஷ்டத்துக்குப் பிரிந்தால் அமைப்பு குலைந்துவிடும் என்பது ஒரு விளக்கம். பறவைகள் பெரும்பாலும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. நாம் 20,000 வரையிலும் நாய் 45,000 வரையிலும் கேட்கிறோம். எனக்கு இந்த விளக்கம் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன்.

அணைந்ததை மருந்தால் தூண்டும் முயற்சிகள் நடக்கின்றன. நிறைய எதிர்பார்க்கப்பட்ட எஃப்எக்ஸ்-322 என்ற ஊசி மருந்து 2023-ல் மனிதச் சோதனையில் தோற்றுவிட்டது. வென்றது வேறு பக்கத்தில்: ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே புரதம் இல்லாமல் காது கேட்காமல் பிறந்த குழந்தைகளுக்கு ஷாங்காயில் மரபணு சிகிச்சை கொடுத்து, ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது என்று 2024 ஜனவரியில் வெளியானது. அதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு உரோம செல்கள் உயிரோடு இருந்தன, சைகையை அனுப்பும் புரதம் மட்டும் இல்லை. செல்லே செத்துப்போன அப்பாவின் காதுக்கு அந்தச் சிகிச்சை பொருந்தாது. 'காது நரம்பு வளர' என்று விளம்பரம் செய்யும் மாத்திரை, எண்ணெய் எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நாய்க்குட்டிக்கு வருகிறேன். வெள்ளை ராஜபாளையம் என்றதுமே எனக்கும் சந்தேகம் வந்தது. முழு வெள்ளையாகவே வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், அந்த இனத்தில் பிறவிச் செவிடு வருவது தெரிந்த விஷயம். டால்மேஷியனிலும் அப்படித்தான்: அமெரிக்காவில் நூற்றில் எட்டுக்கு இரண்டு காதும், இருபத்திரண்டுக்கு ஒரு காதும் கேட்பதில்லை. நீலக்கண் வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்பதை டார்வினே குறிப்பிட்டிருக்கிறார்.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் நிறமிச் செல்கள் கருவில் கிளம்பி உடம்பெங்கும் பரவும்போது சில உள்காதுக்கும் போகின்றன. காக்ளியாவின் பக்கச் சுவரில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் திரவத்தில் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் குறையாமல் இருக்க உதவுவது அவற்றின் வேலை. உரோம செல்கள் வேலை செய்வது அந்த மின்சாரத்தில்தான். வெள்ளை நிறத்துக்குக் காரணமான சில மரபணுக்கள் நிறமிச் செல்களே போய்ச் சேராமல் தடுத்துவிடுகின்றன. குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அந்தச் சுவர் சுருங்கி, உரோம செல்கள் பின்னாலேயே அழிகின்றன. நெற்றியில் ஒரு கற்றை வெள்ளை முடி, வெளிறிய நீலக்கண், பிறவிச் செவிடு என்று சில மனிதக் குடும்பங்களில் வருவதும் இதே வழியில்தான்; 1951-ல் அதை விவரித்த டச்சு மருத்துவர் வார்டன்பர்க் பெயரால் அழைக்கிறார்கள்.

குட்டிக்கு ஆறு வாரம் ஆகிவிட்டதென்றால் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அது தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், அடுத்த அறையிலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள், விசில் அடியுங்கள். பக்கத்தில் நின்று கைதட்டக் கூடாது: காற்று அசைவும் தரை அதிர்வும் காட்டிக்கொடுத்துவிடும், செவிட்டு நாய்கள் அதில் மிகக் கூர்மை. எழுந்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒரு காது மட்டும் கேட்கலாம். உறுதியாகச் சொல்ல, மூளைத்தண்டின் மின் சைகையைப் பதிவு செய்யும் சோதனை வேண்டும்; கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். செவிடு என்று தெரிந்தால் கைவிட்டுவிடாதீர்கள். கை சைகைக்கு அது அருமையாகப் பழகும். இரவில் டார்ச்சை ஒருமுறை மின்ன வைத்துக் கூப்பிடலாம். தூங்கும்போது திடீரென்று தொடாமல் முகத்துக்கு முன் கையைக் கொண்டுபோய் எழுப்புங்கள். வண்டி வருவது கேட்காது என்பதால் ரோட்டில் கயிறில்லாமல் விடக் கூடாது. குட்டி ஈனவும் விட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று: இப்போது தறியைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். அவருடைய காதில் இன்னும் காப்பாற்ற நிறைய இருக்கும். நுரை அடைப்பானைச் சுருட்டி, காது மடலை மேலே பின்னே இழுத்து உள்ளே வைத்து, விரியும் வரை விரலால் பிடிக்க வேண்டும். வாசலில் சும்மா செருகினால் பயனில்லை. காதை மூடும் மஃப் இன்னும் எளிது, வியர்வை மட்டும் தொல்லை. பஞ்சு போதாது. தறி கோளாறாகும் சத்தம் கேட்காதே என்று தயங்குவார். இழை அறும்போதும் நாடா சரியாகப் போகாதபோதும் வரும் மாற்றம், மொத்தச் சத்தமும் குறைந்த பிறகும் தெரியத்தான் செய்யும், ஒரு வாரத்தில் பழகிவிடும். அப்பாவைச் சோதனைக்குக் கூட்டிப்போகும் அன்று தம்பியையும் அழைத்துப் போங்கள். முந்தின நாள் ராத்திரி ஷிப்ட் போகாமல், குறைந்தது பதினாலு மணி நேரம் தறிச் சத்தத்தைவிட்டு விலகியிருந்து வர வேண்டும். இல்லையென்றால் தற்காலிக மந்தமும் சேர்ந்து தப்பான அளவு வரும். அந்த ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்து, வருடத்துக்கு ஒருமுறை புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.